நாடு கிடைத்த பிறகு கூப்பிட்டிருப்போம்

பெயிண்ட் அடிக்கிற நாளில் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகக் கூடாது. எங்கள் ஹாலின் நடுவில் பீரோ, தையல் மெஷின், மாதா படம், டிவி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க, மேலே என் பழைய சேலைகளைப் போர்த்தி வைத்திருந்தோம். சேலைக்கு வெளியே மிச்சம் இருந்தவர் என் கணவர் ஒருவர்தான். அவரும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கையில் பேப்பரோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சபியா வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்குச் சட்டி. உள்ளே வட்டிலப்பம்.

சபியா காயல்பட்டினத்தில் இருப்பவள். கல்யாண வீடுகளுக்கும் பெருநாளுக்கும் வட்டிலப்பம் செய்து கொடுப்பாள். முட்டையையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியோடு அடித்து ஆவியில் வேகவைக்கிற அந்தப் பலகாரத்தை ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளிடம் வாங்கிச் சாப்பிட்டேன். அதிலிருந்து எங்கள் பழக்கம். என் சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டர் முகம் சுளிக்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் திட்டுவது அவளைத்தான்.

"என்ன ரோஸ்லின் அக்கா, வீடு இப்படிக் கெடக்கு? ஏலக்காய் வாசத்தையே பெயிண்ட் அமுக்கிருச்சே" என்றாள்.

முழுதாக அமுக்கவில்லை போலிருக்கிறது. ஏணியின் மேலிருந்து பெயிண்டர் ராசேந்திரம் திரும்பிப் பார்த்தார்.

"அது வட்டிலப்பமோ?"

"ஓம்" என்றாள் சபியா, சட்டியைத் திறந்துகொண்டே.

தூத்துக்குடியில் யாரும் ஆமாம் என்பதற்கு 'ஓம்' சொல்வதில்லை. காயல்பட்டினத்திலும் சொல்வதில்லை. ராசேந்திரத்தின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு என் சேலைமேல் விழுந்தது. பழையதுதான், ஆனாலும் பட்டு.

"தங்கச்சி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஏணியிலிருந்து இறங்கினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஆபீசில் நான் டைப் அடித்த காலத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இப்படியே அரசியல் இல்லாமல் எழுதுங்கள் அம்மா, சுகமாக இருக்கிறது" என்றார். இந்த வாரம் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோசியத்துக்குப் போய்விடலாம்.

ஏணியில் இருந்தவர்

ராசேந்திரம் எங்கள் பக்கத்து அகதி முகாமில் இருப்பவர். முகாமில் பாதி ஆண்களுக்குப் பெயிண்ட் வேலைதான். நிலம் வாங்க முடியாது, அரசாங்க வேலைக்குப் போக முடியாது, நினைத்த நேரத்தில் வெளியூர் தங்க முடியாது. சுவருக்கு வர்ணம் அடிப்பதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. "சிலோன்காரங்க அடிச்சா சுவரு வழுவழுன்னு இருக்கும்" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஊர் அவர்களுக்குக் கொடுத்த பட்டம் அதுதான்.

மன்னார்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் அவருடையது. அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். சிங்களம் படித்துப் பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்றார்களாம். நரைத்த தலையோடு அந்த மனிதர் அரிச்சுவடி படித்ததை மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கொழும்பில் கடை வைத்திருந்த மாமா, கலவரத்தில் கடையும் எரிந்து, கட்டியிருந்த வேட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். அதற்கும் பிறகு ஒரு நாள் ராசேந்திரத்தின் அண்ணன் கடலுக்கு வலை எடுக்கப் போனார். மறுநாள் குண்டு துளைத்து ஓட்டை ஓட்டையாக வள்ளம் கரை ஒதுங்கியது. வலை இருந்தது. அண்ணன் இல்லை.

அதன் பிறகுதான் அவர் படகேறி இந்தக் கரைக்கு வந்தார். முகாமில் கல்யாணம், முகாமில் ஒரே மகள் நிலானி, முகாமில் மனைவியின் சாவு. எல்லாம் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வரும்போதெல்லாம் டீ குடிக்கிற நேரத்தில் அவரும் என் கணவரும் அரசியல் பேசுவார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே வாக்கியத்தில் போய் முடியும்.

"எங்களுக்கெண்டு ஒரு நாடு இருந்திருந்தா, என்ட அண்ணனை ஆரும் தொட்டிருக்க மாட்டினம்."

என் கணவர் உடனே தலையாட்டுவார். அவர் யார் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர், அதனால்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருடம் ஓடுகிறது. நான்தான் குறுக்கே விழுவேன்.

"சரி, உங்களுக்குன்னு ஒரு நாடு வருது. அதுல உங்க ஆளு இல்லாதவன் என்ன செய்வான்?"

"அதைப் பேந்து பாப்பம் அக்கா. முதல்ல உயிர்."

அண்ணனைப் பறிகொடுத்தவரிடம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் எதைப் பேசுவது? அடித்தவனிடம் போய் இனி அடிக்காதே என்று கேட்டுக்கொள்ளச் சொல்வதா? தன்னைக் காக்கத் தனக்கே ஒரு சட்டமும் காவலும் வேண்டும் என்று அடிபட்டவன் கேட்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு என்கிற அந்தப் 'பேந்து' மட்டும்தான் உறுத்தும். டீ டம்ளரைக் கழுவும்போதும் உறுத்தும்.

ஒரே குளத்துத் தண்ணீர்

ஏணியிலிருந்து இறங்கிய ராசேந்திரமும் சட்டியோடு நின்ற சபியாவும் பேசப் பேச எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர். நடுவில் ஒரு குளம். குளத்துக்கு இந்தக் கரையில் அவர் ஊர், அந்தக் கரையில் சபியாவின் ஊர். ஒரே தண்ணீரில்தான் இரண்டு ஊர் வயலும் விளைந்திருக்கிறது.

இத்தனை காலமாக சபியா எனக்குப் பழக்கம். கல்யாணமாகி வந்தவள் என்று தெரியும். சொந்த ஊர் மன்னார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் காயல் பேச்சிலேயே ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

"சந்தியில ஒரு பேக்கரி இருந்தது, ஞாபகம் இருக்கோ?"

"அச்சுப் பாண்! சூடாக் கொண்டு வந்தா வீட்டுக்கு வர முன்னமே பாதி காலி."

"குளக்கட்டில உங்கட ஊர்ப் பொடியளோட பந்து அடிச்சிருக்கிறன். ஒரு நாளும் வெண்டதில்லை."

"எங்க காக்காவும் அதுல இருந்திருப்பாரு!" என்றாள் சபியா, தன் அண்ணனை நினைத்து.

பாண் என்றால் ரொட்டி என்று ஊகித்துக்கொண்டு, நானும் என் கணவரும் எங்கள் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றோம். ராசேந்திரம் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. வட்டிலப்பத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பெயிண்ட் கையோடு சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வந்தவள் சொல்லாமல் விட்டேன்.

சந்தோஷம் வந்தால் மனிதர் எதையாவது காட்டியாக வேண்டும். அவரிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. நிலானிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை மன்னார்க்காரப் பையன், ஈஸ்டர் கழிந்து கல்யாணம். மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். அங்கே போனால் பதிந்துகொண்டு குடியுரிமை வாங்கலாம். இங்கே பிறந்து, இங்கேயே காலேஜ் முடித்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு இந்த நாடு கொடுத்திருப்பது முகாம் அட்டை ஒன்றுதான்.

அவர்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது சீதனமாக மகள் பெயரில்தான் வீட்டை எழுதுவார்கள். வீடு இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அங்கே தகப்பனுக்குப் பெரிய தலைக்குனிவு. ராசேந்திரத்தின் மச்சான் ஒருவர் அதற்கும் வழி சொல்லியிருந்தார். போர் முடிந்து திரும்பியபோது குளத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில் அவர் குடியேறியிருந்தார். இப்போது அவருக்குச் சொந்த நிலத்தில் அரசாங்க வீடு கிடைத்துவிட்டது. "இந்த வீட்டை நிலானிக்கு வைச்சுக்கொள்" என்று போனில் வீடியோவும் அனுப்பியிருந்தார்.

"பாருங்கோ தங்கச்சி, உங்கட ஊருக்குள்ளதான்" என்று போனை சபியாவிடம் நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். நீலக் கேட், சிமெண்ட் முற்றம், கிணறு. கிணற்றை ஒட்டி நீளமாக ஒரு தொட்டி, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தொட்டி. அதற்குள் கோழிக்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

சபியா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது மைமூன் ராத்தா வீடு" என்றாள். "எங்க வீட்டுக்கு எதிர்வீடு."

ஒரு சுவர் பாக்கி

ராசேந்திரம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு பேசினபோது குரல் இறங்கியிருந்தது.

"சனம் இல்லாமக் கிடந்த வீடு தங்கச்சி. கூரையும் இல்லை. மச்சான்தான் ஓடு போட்டு, கிணறு இறைச்சு, மனுசர் இருக்கிற மாதிரி ஆக்கினவர்."

"சனம் இல்லாம ஏன் அண்ணன் கெடந்துச்சு?"

பதில் அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தமிழர்களுக்காகத் துப்பாக்கி எடுத்தவர்கள் ஒரு மழைக்காலத்தில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை எல்லாம் வெளியேறச் சொன்னார்கள். அவர்களும் தமிழ்தான் பேசினார்கள். நகையும் சாமானும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மன்னார்க்காரர்கள் மழையில் வள்ளம் ஏறிப் புத்தளத்தை அடுத்த கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அதில் ஒரு வள்ளத்தில் கல்யாணமாகாத பெண்ணாக சபியா இருந்திருக்கிறாள்.

"அது எங்கட சனம் செய்யேல்ல. துவக்கு வைச்சிருந்தவை செய்தது" என்றார் ராசேந்திரம்.

"ஓம். போகச் சொன்னது அவங்கதான். ஆனா குளத்துக்கு இந்தப் பக்கத்துலருந்து ஒருத்தரும் வந்து போகாதீங்கன்னு சொல்லல்ல. அதையும் நான் சொல்லணும்ல."

"அப்ப ஆராலும் வாய் திறக்க ஏலாது."

"தெரியும் அண்ணன். தெரிஞ்சதாலதான் இவ்வளவு நேரம் உங்ககிட்டச் சிரிச்சுப் பேசுனேன்."

என் கணவர் பேப்பரை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எங்களை அடிச்ச அடிக்கு எங்களுக்கெண்டு ஒரு நாடு கேட்டது பிழையோ?" என்றார் அவர். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கெஞ்சல் போல் ஆகிவிட்டது. "என்ட அண்ணன்ட உடம்பு கூடக் கிடைக்கேல்ல."

"பிழைன்னு நான் சொல்லல்ல. உங்க அண்ணனுக்காக நானும் அழுவேன். அந்த நாடு வந்திருந்தா நான் எங்கன இருந்திருப்பேன்? அதை மட்டும் சொல்லுங்க."

"நாடு கிடைச்ச பிறகு உங்களை எல்லாம் திருப்பிக் கூப்பிட்டிருப்பம். மெய்யாத்தான்."

சபியா சட்டியின் மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"நாடுதான் கிடைக்கல்ல. வீடு கிடைச்சிருக்கே அண்ணன். இப்பக் கூப்பிடுங்களேன்."

அவள் கிளம்பிப் போய்விட்டாள். ராசேந்திரம் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். மறுநாளும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. மூன்று சுவர் புது வர்ணத்திலும் ஒரு சுவர் பழைய வர்ணத்திலுமாக எங்கள் ஹால் நின்றது. மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று நானும் கணவரும் சண்டை போட்டோம். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் போட்ட சண்டை அது.

எங்கள் வீட்டில் சொல்லும் பாதிக் கதை

அந்த நாட்களில் எனக்கு எங்கள் சொந்தக் கதைதான் ஓயாமல் நினைவுக்கு வந்தது.

நான் பிறந்தது முத்துக்குளித்த பரதவர் குடும்பத்தில். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை இது. ரொம்பப் பழைய காலத்தில், முத்துக் குளிப்பான சிலாபம் யார் கையில் என்கிற போட்டியில் எங்கள் ஆட்கள் படாத பாடு பட்டார்களாம். கரையில் பெரிய வியாபாரம் செய்த முஸ்லிம்கள் பக்கம் பணமும் இருந்தது, ராஜாக்களின் தயவும் இருந்தது. எங்கள் ஆட்களை அடித்தார்கள், காதை அறுத்தார்கள். போக்கிடம் இல்லாமல் கடல் தாண்டி வந்த போர்ச்சுக்கீசியர் காலில் போய் விழுந்தோம். அவர்கள் பாதுகாப்புக் கொடுத்தார்கள், நாங்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றோம். ஜன்னல், அலமாரி, சாவி என்று எங்கள் வீட்டில் புழங்குகிற சொற்கள்கூட அவர்களோடு வந்தவைதான்.

கதை அங்கே முடிந்துவிடும். முடிகிற இடத்தில் எல்லோருக்கும் மனது நிறைந்திருக்கும்.

மீதிக் கதையை நான் ஏஜென்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பக்கத்து மேஜையில் இருந்த காயல்காரர் ஒருவரிடம்தான் கேட்டேன். அவர் வீட்டில் கதை எங்கள் கதை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. பீரங்கி எங்கள் பக்கம் வந்ததும் கடலில் முறை மாறியது. அவர்கள் ஆட்கள் சங்கு குளிக்கவும் முத்துக் குளிக்கவும் அனுமதிக்கு நின்றார்கள், தோணிகள் எரிந்தன, குடும்பங்கள் ஊர் மாறின. அவர் வீட்டில் காதறுத்த கதை கிடையாது. எங்கள் வீட்டில் தோணி எரிந்த கதை கிடையாது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அடிபட்ட வரைக்கும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் புரிந்ததை என் அறிவுக்கு எட்டின மட்டும் சொல்கிறேன். எங்கள் முன்னோர்கள் பாதுகாப்புத் தேடியதை நான் குறை சொல்ல மாட்டேன். காது அறுபடுகிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது? ராசேந்திரத்தின் சனம் நாடு கேட்டதையும் குறை சொல்ல மாட்டேன். உலகத்தில் இன்னும் எத்தனையோ சனம் இதே காரணத்துக்காக இதையே கேட்கிறது. ஆனால் அடிபட்டதனால் கிடைக்கிற உரிமை, இனி அடிபடாமல் இருக்கிற உரிமை. இந்த மண் எங்கள் இனத்துக்கு மட்டும் என்று கேட் போடுகிற உரிமை அதற்குள் அடங்குமா? கேட் போட்ட அன்றைக்கே யாரோ ஒரு சபியா வள்ளத்தில் ஏற வேண்டியிருக்கிறதே. அவள் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு நாடு கேட்டால் அதற்கு யார் என்ன பதில் சொல்வது?

எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் பொதுவான நாடு என்று சொல்லிக்கொண்டதுதானே ராசேந்திரத்தின் அப்பாவை நரைத்த வயதில் அரிச்சுவடி படிக்க வைத்தது. பொது என்கிற வார்த்தை அண்ணனைக் காப்பாற்றவில்லை. ஆகவே இந்த யோசனை எனக்கு ஒரு இடத்திலும் முடியவில்லை.

வீடில்லாமல் வந்த பெண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் நிலானி நின்றாள். அப்பா விட்டுப்போன பிரஷ்ஷை வாங்க வந்தவள் மாதிரி முதலில் பேசினாள். அப்பாவோடு பேசும்போது மன்னார்த் தமிழ், எங்களோடு பேசும்போது சுத்தத் தூத்துக்குடி. அந்தப் பெண்ணின் நாக்குக்குத்தான் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உண்டு.

"அப்பா சரியாச் சாப்பிடுறதே இல்ல அக்கா. என்னன்னு கேட்டாச் சொல்லவும் மாட்டுக்காரு. நேத்துதான் சொன்னாரு." கொஞ்ச நேரம் பிரஷ்ஷின் மயிரைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த வீட்ட யாரு பேருக்கு எழுதப் போறாங்க? எனக்குத்தான? அப்ப நான்லா போயிக் கேக்கணும். என்னைய அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

காயல்பட்டினத்துக்குப் பஸ்ஸில் போனோம். மெயின் தெருவில் ஆண்கள் போக, வீடுகளுக்குப் பின்னால் பெண்களுக்கென்று சந்து இருக்கும். அந்த வழியாகத்தான் சபியா வீட்டுக்குள் நுழைந்தோம். காயலிலும் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் தாய் வீட்டை விட்டு நகர மாட்டாள்.

"எனக்கு மட்டும் அது மாறிப்போச்சு" என்றாள் சபியா, நிலானியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. "புத்தளத்துல ஓலைக் கொட்டில்ல இருந்தப்ப சொந்தத்துல இந்த மாப்பிள்ளையப் பேசுனாங்க. அவங்க எந்த வீட்டுக்கு வருவாங்க? எங்களுக்குத்தான் வீடே இல்லையே. அதனால நான் இங்கன மாமியா வீட்டுக்கு வந்தேன். இந்த ஊர்ல அப்படி யாரும் வர மாட்டாங்க. மாமி நல்லவங்க, ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனாலும் ரெண்டு மச்சிமாரும் இது அவங்க உம்மா வீடுன்னு உரிமையா சத்தம் போடுவாங்க. நான் இன்னைக்கு வரைக்கும் இந்த வீட்டுல சத்தமாப் பேசுனதில்ல."

எனக்கு அது சுருக்கென்றது. இத்தனை வருடம் அவள் எங்கள் வீட்டில் வந்து கலகலவென்று பேசிவிட்டுப் போனதற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிலானி சபியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனா உங்க ஊர்ல எனக்கு வீடு இருக்கும். ஆனா இன்னொரு ஆளு என்னால சத்தமாப் பேச முடியாம இருப்பாங்க. அப்படித்தான சித்தி?"

சித்தி என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சபியா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு அக்காவான மைமூன் ராத்தா புத்தளத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்லி, நம்பரையும் கொடுத்தாள்.

போன்

"நீங்கதான்பா கூப்பிடணும்" என்று நிலானி சொல்லிவிட்டாள். "கூப்பிட்டிருப்போம்னு நீங்கதான சொன்னீங்க."

எங்கள் ஹாலில்தான் நடந்தது. பழைய வர்ணச் சுவருக்குப் பக்கத்தில் ராசேந்திரம் உட்கார்ந்தார். நிலானி ஸ்பீக்கரைப் போட்டாள். சபியா வரவில்லை. தான் இருந்தால் அவர் தனக்காகப் பேசுவார் என்று சொல்லிவிட்டாள்.

"ஆரு?" என்றது ஒரு வயதான பெண் குரல்.

"ராத்தா, என்ட பேர் ராசேந்திரம். குளத்துக்கு இந்தப் பக்கத்து ஊர். இப்ப இந்தியாவில முகாமில இருக்கிறன். உங்கட வீட்டைப் பற்றிக் கதைக்கத்தான் எடுத்தனான்."

கட் ஆகிவிட்டதோ என்று என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"எந்த வீடு?"

"நீலக் கேட் வீடு. எங்கட ஆக்கள்தான் இருந்தவை. என்ட மகளுக்குச் சீதனமாத் தரப்போறதாச் சொல்லிச்சினம். உங்கட வீடெண்டு இப்பத்தான் எனக்குத் தெரியும்."

"வீட்டைக் கேட்டு ஆபீசு ஆபீசா நான்தான் அலைஞ்சேன். உறுதிப் பத்திரம் எங்க, அத்தாட்சி எங்கன்னு கேட்டாங்க. இத்தனை வருசத்துல அங்கருந்து எனக்கு ஒருத்தரும் போன் எடுக்கல்ல தம்பி. நீங்கதான் முதல் ஆள்."

ராசேந்திரம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"எனக்கும் ஒரு மகள் இருக்கு" என்றது குரல். "அவளையும் வீடில்லாமத்தான் கட்டிக் குடுத்தேன்."

"ஓம் ராத்தா. வீடு உங்கட. வாங்கோ."

நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "சுத்திவர இருக்கிற எல்லா வீட்டிலயும் எங்கட ஆக்கள்தான் இருக்கினம். நான் மட்டும் ஏன் குடுக்கோணும்? நாங்கள் இழந்ததை ஆர் தருவினம்?" என்று போனில் கத்தினார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. ராசேந்திரம் இங்கிருந்து திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருக்கிறார். சில நாள் மச்சான் போனையே எடுப்பதில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. கல்யாணத்துக்குத் தேதி வைக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் வாடகை வீடு போதும் என்கிறான். அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். நிலானி மருந்துக் கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள்.

எங்கள் நாலாவது சுவரை அவரே வந்து அடித்துக் கொடுத்தார்.

கஞ்சி

மே மாதத்தில் முகாமில் ஒரு நாள் கஞ்சி காய்ச்சுவார்கள். போரின் கடைசி நாட்களில் அங்கே சனத்துக்குக் கிடைத்தது தண்ணீரில் அரிசி போட்டுக் கொதிக்க வைத்த உப்புக் கஞ்சிதான். அதையே காய்ச்சி, செத்தவர்களுக்கு விளக்கேற்றி, எல்லோரும் குடிப்பார்கள். தேங்காய்ப்பால் சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ராசேந்திரம்தான் பேசுவார். கடைசியில் "எங்களுக்கெண்டு ஒரு நாடு வேணும்" என்று முடிப்பார். முகாம் மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்லும்.

சென்ற மே மாதம் சபியாவும் என்னோடு வந்தாள். பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தாள்.

அவர் எப்போதும்போலத்தான் பேசினார். அண்ணனைப் பற்றிச் சொன்னார், அப்பாவின் அரிச்சுவடியைச் சொன்னார். பிறகு, நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சனம் ஒரு மழை நாளில் வள்ளம் ஏறியதையும், தான் வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். முன்வரிசையில் சில முகங்கள் இறுகின. ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

கடைசி வாக்கியத்துக்கு வந்தார். எல்லோரும் திருப்பிச் சொல்லத் தயாராக இருந்தார்கள். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி, "எல்லாரும் கஞ்சி குடியுங்கோ" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

முதல் கோப்பையை அவரே கொண்டுவந்து சபியாவிடம் கொடுத்தார். அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"உப்பு கொஞ்சம் கூட" என்றாள், அந்தக் கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. பிறகு, "கடைசி வரிய ஏன் அண்ணன் சொல்லல்ல?" என்று கேட்டாள்.

"விட்டுட்டன் எண்டு நினைக்காதையுங்கோ தங்கச்சி. என்ட அண்ணனுக்காக நான் அதைச் சொல்லத்தான் வேணும்" என்றார் ராசேந்திரம். "அதுக்கு முதல் மைமூன் ராத்தான்ட வீட்டைக் குடுக்கோணும்."